நாலரை வயதுப் பையன் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பையனுக்கு நாலரை வயது, எல்கேஜி படிக்கிறான். வீட்டில் சோபாவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில் என்று தாவிக்கொண்டே இருக்கிறான், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இரண்டு நிமிடம் உட்காருவதில்லை, தெருவில் கையை உதறிவிட்டு ஓடுகிறான், இரவு பதினொன்று ஆனாலும் தூங்குவதில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பி, டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். மாமியார் "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், விடு" என்கிறார். டாக்டரிடம் போனால் மாத்திரை எழுதிவிடுவார், பிள்ளை மந்தமாகிவிடுவான் என்று உங்களுக்குப் பயம். ஆக, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இது ஏடிஹெச்டியா (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள நிலை), வயதுக்குரிய துறுதுறுப்பா? எதுவாக இருந்தாலும் மருந்தில்லாமல் சமாளிக்க முடியுமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், பயம் அங்கேதான் இருக்கிறது. இந்த வயதில் மருந்தில்லாத வழிதான் டாக்டர்களே முதலில் சொல்லும் வழி. நான் குழந்தைகள் மனநலப் பிரிவில் உளவியலாளராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன், அதில் பெரும்பகுதி நேரம் பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மா அப்பாவோடுதான் போகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் புதுப்பித்த வழிகாட்டுதல், நான்கு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சை, பிள்ளையின் நடத்தையைக் கையாளப் பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான் என்கிறது, அது போதாமல் போய், தொந்தரவும் கடுமையாக இருந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்டதில் இன்னும் கறாராக, ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் சிறு பிள்ளைகளில் அனுபவமுள்ள இரண்டாவது நிபுணரைக் கேட்காமல் மருந்து தரக் கூடாது என்று இருக்கிறது. அதனால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே மாத்திரைச் சீட்டு நீட்டினால், "பெற்றோர் பயிற்சி முதலில் பார்க்கலாமா சார்?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது, ஏடிஹெச்டியா என்பது. நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது, யாராவது இணையத்தில் நாலு வரி படித்துவிட்டு ஆமாம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கவனம் சம்பந்தமாக ஒன்பது அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தமாக ஒன்பது. இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும், அதுவும் அந்த வயதுக்கு மீறிய அளவில், ஆறு மாதமாவது தொடர்ந்து, வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில். வீட்டில் மட்டும் ஆடுகிறான், பள்ளியில் ஒழுங்காக இருக்கிறான் என்றால் கதை வேறு. இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நாலரை வயதில் துறுதுறுவென்று இருப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இயல்புதான் என்பதால், அனுபவமுள்ளவர்கள்கூட இந்த வயதில் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பார்கள். அது தட்டிக்கழிப்பது ஆகாது.

வகுப்பில் உங்கள் பையன்தான் வயதில் சின்னவனா என்று பாருங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே பள்ளியில் சேர்க்க டிசம்பர் 31 கெடு. ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்தவர்களுக்கு ஏடிஹெச்டி என்று பெயர் விழுவது 30 சதவீதம் அதிகம், பெண் பிள்ளைகளில் 70 சதவீதம் அதிகம். பதினோரு மாதம் சின்னவனை மூத்தவனோடு ஒப்பிட்டதால் வந்த வினை அது. நம் ஊரில் மூன்று வயது முடிவதற்கு முன்பே எல்கேஜியில் தள்ளும் பழக்கத்தை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

மாமியார் சொன்னதையும் ஒதுக்காதீர்கள். ஏடிஹெச்டியில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அவன் அப்பா சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று டாக்டரும் கேட்பார். இதில் உங்களுக்கு ஒரு ஆறுதலும் இருக்கிறது: நீங்கள் வளர்த்த விதத்தால் இது வரவில்லை. ஊரே உங்களைக் குறை சொன்னாலும் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நடத்தைக்குப் போவதற்கு முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும், இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். முதலில் தூக்கம். மூன்று முதல் ஐந்து வயதுக்கு, மதியத் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். பதினொன்றரைக்குத் தூங்கி ஏழு மணிக்கு எழுப்பி வேனில் ஏற்றினால் ஏழரை மணி நேரம்தான் ஆகிறது. பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் சோர்ந்து உட்காருவோம், பிள்ளைகள் அப்படி இல்லை, தூக்கம் கெடக் கெட இன்னும் வெறிபிடித்த மாதிரி ஓடுவார்கள். தூங்கும்போது குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறானா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறானா, வேர்க்கிறதா என்று இரண்டு மூன்று இரவு பக்கத்தில் இருந்து கவனியுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் வீங்கியிருந்தால் இப்படி ஆகும். அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில், அவற்றை எடுக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நடத்தையும் தூக்கமும் நன்றாகவே தேறின. கவனத்தை அளக்கும் பரிசோதனை மதிப்பெண்ணில் மட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதனால் குறட்டை இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள், ஆனால் ஆபரேஷன் செய்தால் எல்லாமே சரியாகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அப்புறம் இரத்தம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் கால் குடைச்சலால் இரவில் புரண்டுகொண்டே இருப்பதும், எரிச்சலும், கவனம் சிதறுவதும் வரலாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் நீங்களாகவே இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் சின்னப் பிள்ளைகளுக்கு அது விஷம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறான் என்றால் கீரிப்பூச்சி, அதற்கு டாக்டர் தரும் பூச்சி மருந்தும், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பதும் போதும். அடிக்கடி சளி பிடித்து, கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டுகிறான் என்றால் காதில் நீர் கோத்திருக்கலாம், கேட்கும் திறனைச் சோதியுங்கள். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அடி வாங்கிய பிள்ளைக்கு உண்மையிலேயே காது சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு தெரியவருவது எங்கள் பிரிவில் புதிதில்லை, ஒவ்வொரு தடவையும் மனது கஷ்டப்படும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், அல்லது சரி செய்துகொண்டே, நடத்தைப் பக்கம் வரலாம். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வருடக்கணக்கில் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்துச் சொன்னது ஒன்று உண்டு, இன்று இருக்கும் பெற்றோர் பயிற்சிகள் பலவற்றுக்கும் அதுதான் அடித்தளம். அம்மா "போனை வை" என்கிறாள். பிள்ளை கத்துகிறான். அம்மா இன்னும் சத்தமாக. அவன் தரையில் விழுந்து புரள்கிறான். அம்மாவுக்குத் தலைவலி, "சரி தொலை, அஞ்சு நிமிஷம்" என்று விட்டுவிடுகிறாள். அந்த நொடியில் பிள்ளை கற்றுக்கொண்டது, புரண்டால் கிடைக்கும். அம்மா கற்றுக்கொண்டது, விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும். இருவருக்கும் அந்த நேரத்தில் லாபம், அதனால்தான் நாளைக்கும் இதே நடக்கும். இன்னொரு நாள் அம்மா அடித்து அடக்கினால் அங்கே அம்மாவின் கைக்குப் பழக்கம் ஏறுகிறது. அடி கொஞ்ச நேரம் பயத்தை உண்டாக்கும், அவ்வளவுதான். அடிபடும் பிள்ளைகளுக்குக் காலப்போக்கில் முரட்டுத்தனம் கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வகுப்பில் தள்ளிவிடுகிறான் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாற்றத்தைத் தண்டனையில் ஆரம்பிக்காதீர்கள், விளையாட்டில் ஆரம்பியுங்கள். தினமும் ஒரே நேரத்தில், பள்ளி விட்டு வந்து பால் குடித்த பிறகு என்று வையுங்கள், ஐந்து நிமிடம் மட்டும் அவனோடு தரையில் உட்காருங்கள். போன் வேறு அறையில். என்ன விளையாடுவது என்று அவன் முடிவு செய்யட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்பது, கட்டளை போடுவது, "இது என்ன கலர் சொல்லு" என்று பாடம் நடத்துவது, திருத்துவது எதுவும் வேண்டாம். அவன் செய்வதைச் சொல்லுங்கள்: "சிவப்புக் கட்டைய மேல வைக்கிற." அவன் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்கள். நல்லது எதைச் செய்தாலும் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள்: "கீழ விழுந்ததும் தூக்கிப் போடாம மறுபடி அடுக்கினியே, நல்லா இருக்கு." ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய பெற்றோர்-பிள்ளை ஊடாட்டச் சிகிச்சையின் முதல் பாதி இதேதான். இதையெல்லாம் செய்து என்ன ஆகும் என்று நிறைய அப்பாக்கள் கேட்பார்கள். நாள் முழுக்கத் திட்டு வாங்கும் பிள்ளைக்கு அம்மா அப்பாவின் கவனம் கிடைக்கும் ஒரே வழி சேட்டைதான். அந்தக் கவனம் வேறு வழியிலும் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உங்கள் பாராட்டுக்கும், நீங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கும் அவனிடம் மதிப்பு வரும்.

கட்டளை போடும் விதத்தை மாற்றினாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும். அடுப்படியிலிருந்து "டேய் எத்தன தடவ சொல்றது, ஷூவக் கழட்டு, பைய வை, கை கழுவு, யூனிபார்ம மாத்து" என்று கத்தினால் அதில் நாலு வேலை இருக்கிறது, அவன் மூளை ஒன்றைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பக்கத்தில் போங்கள், தோளில் கை வையுங்கள், கண் பார்க்கட்டும், ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், செய்யக் கூடாததைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாத" என்பதற்குப் பதில் "என் கையப் பிடிச்சு நட." மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், செய்தால் உடனே பாராட்டுங்கள், சாயங்காலம் அப்பா வந்ததும் சொல்லலாம் என்று தள்ளாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு தூரத்தில் இருக்கும் பரிசும் தண்டனையும் வேலைக்கு ஆகாது, "ஒழுங்கா இருந்தா தீபாவளிக்கு சைக்கிள்" என்பது அவனுக்கு வெறும் சத்தம்.

சிணுங்கல், அடம், நாக்கைத் துருத்துவது மாதிரி ஆபத்தில்லாதவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள், முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ளுங்கள், அவன் நிறுத்திய உடனே திரும்பிப் பேசுங்கள். ஆரம்பித்த முதல் சில நாட்களில் அடம் கூடும். இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில்தான் "இதெல்லாம் நம்ம பிள்ளைக்குச் சரிவராது" என்று கைவிடுகிறார்கள். இத்தனை நாள் வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் அவன் இன்னும் பலமாகத்தான் முயற்சி செய்வான். அந்த நேரத்தில் விட்டுக்கொடுத்தால் முன்பைவிடச் சத்தமாக அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அடிப்பது, கடிப்பது, ரோட்டில் ஓடுவது மாதிரி ஆபத்தானவற்றை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது. உடனே தடுத்து, பேச்சில்லாமல், மூன்று நான்கு நிமிடம் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள். வெளிச்சமான, நீங்கள் பார்க்கும் இடமாக இருக்க வேண்டும், இருட்டறையில் பூட்டுவதோ பூச்சாண்டி காட்டுவதோ கூடவே கூடாது. மாமியாரும் உங்கள் கணவரும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாவிட்டால் பலன் பாதியாகிவிடும், எனவே அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். பாட்டிகளுக்கு அந்த ஐந்து நிமிட விளையாட்டைக் கொடுத்துப் பாருங்கள், பலர் நம்மைவிட அழகாகச் செய்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் பயிற்சியால் அடம், சண்டை, எதிர்த்துப் பேசுவது குறைகிறது, பெற்றோருக்குத் தன்னம்பிக்கை வருகிறது, இது நன்றாகவே நிரூபணமானது. ஆனால் துறுதுறுப்பே குறைகிறதா என்பது அவ்வளவு உறுதியில்லை. 2013இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி எடுத்த பெற்றோர்கள் "குறைந்திருக்கிறது" என்றார்கள், பயிற்சி பற்றித் தெரியாத வெளியாட்கள் பார்த்து மதிப்பிட்டபோது அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் பையன் சாதுவாகிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். துறுதுறுவென்றுதான் இருப்பான், ஆனால் சொன்னால் கேட்பான், நீங்களும் கத்தாமல் இருப்பீர்கள், அவனுக்கு உங்களோடு இருக்கப் பிடிக்கும். இந்த வயதில் அதுதான் பெரிய லாபம்.

ஓட்டத்தைக் குறைக்கப் பார்ப்பதைவிட ஓட இடம் கொடுங்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேர உடலசைவு, அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடுவது, திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. நம் பிள்ளைகளுக்கு இது அப்படியே தலைகீழாக இருக்கிறது. அபார்ட்மென்டில் இருந்தால் மொட்டைமாடி, பார்க், கோயில் பிரகாரம், எதுவானாலும் சரி, பள்ளிக்கு முன் இருபது நிமிடம், விட்டு வந்ததும் ஒரு மணி நேரம் ஓடட்டும். சாப்பாட்டுக்கு யூடியூப் போடுவதை ஒரே நாளில் நிறுத்தினால் யுத்தம்தான், முதலில் தூக்கத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நிறுத்துங்கள், தூக்கமும் அதோடு முன்னால் வரும். "காக்கா பற, குருவி பற, மாடு பற" என்று சொல்ல, பறப்பதற்கு மட்டும் கை தூக்கும் விளையாட்டு, பாட்டு நின்றதும் சிலையாக நிற்பது, முறை வரும்வரை காத்திருக்கும் தாயக்கட்டை, இவையெல்லாம் கையைக் கட்டுப்படுத்திப் பழகும் விளையாட்டுகள். இவற்றால் ஏடிஹெச்டி குறையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் செலவில்லை, கெடுதலில்லை, பிள்ளைக்கும் பிடிக்கும். சப்பாத்தி மாவு பிசைவது, காய்கறிப் பையைத் தூக்குவது, சின்னக் குடத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி உடம்பு உழைக்கும் வேலைகளுக்குப் பிறகு பிள்ளைகள் சற்று அடங்குவதைப் பல அம்மாக்கள் சொல்கிறார்கள், தெரபி மையங்களில் கனமான ஜாக்கெட் போடச் சொல்வதும் இதே எண்ணத்தில்தான், அந்த ஜாக்கெட்டுக்கு ஆதாரம் பலவீனமாகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் மாவு பிசையவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. சர்க்கரையால் பிள்ளை துள்ளுகிறான் என்பதை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 1994இல் ஒரு சோதனையில், சர்க்கரை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்று தாங்களே சொன்ன அம்மாக்களில் பாதிப் பேரிடம் பிள்ளைக்குச் சர்க்கரை கொடுத்தோம் என்றார்கள். உண்மையில் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை அதிகம் துள்ளியதாகச் சொன்னார்கள், அவனை அதிகம் கண்டிக்கவும் செய்தார்கள். பல்லுக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், துள்ளலுக்காக வேண்டாம். செயற்கைச் சாயம் வேறு. 2007இல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளிடமும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளிடமும் செய்த சோதனையில் சில சாயங்கள் கலந்த பானத்தால் துறுதுறுப்பு சற்றுக் கூடியது, அதன் பிறகு 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் அந்த ஆறு சாயங்கள் உள்ள உணவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. விளைவு சின்னதுதான், எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதும் இல்லை. ஆனால் கலர் மிட்டாயும் கலர் ஜூஸும் இல்லாமல் பிள்ளை இழக்கப்போவது எதுவுமில்லை என்பதால் நிறுத்திப் பாருங்கள். வல்லாரை, பிரம்மி சிரப்பை இந்த வயதில் சிகிச்சை என்று நம்பிக் கொடுக்குமளவுக்கு ஆதாரம் போதாது. வசம்பை உரசித் தினமும் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், அதில் உள்ள ஆசரோன் என்ற வேதிப்பொருள் காரணமாக 1968இலேயே அமெரிக்காவில் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். தூங்க வைக்க என்று சளி சிரப் கொடுக்கவே வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அது தலைகீழாகத் துள்ளலைக் கூட்டும், மூச்சுக்கும் ஆபத்து.

பள்ளியில் மிஸ்ஸிடம் போய் சண்டை போடாதீர்கள், தலைகுனிந்தும் நிற்காதீர்கள். முன் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வைக்க முடியுமா, பாடத்துக்கு நடுவில் நோட்டு எடுத்துக்கொடுக்க, போர்டு அழிக்க அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். டைரியில் குற்றம் மட்டும் எழுதாமல், தினமும் ஒரு நல்லதையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதைப் பார்த்து வீட்டில் அன்றே பாராட்டுங்கள். விளையாட விடாமல் இடைவேளையில் உட்கார வைக்கும் தண்டனையை மட்டும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள், அவனுக்கு மிகவும் தேவையான நேரம் அது.

இரண்டு மூன்று மாதம் இதையெல்லாம் விடாமல் செய்தும் அவன் தனக்கோ மற்றவர்களுக்கோ காயம் ஏற்படுத்துகிறான், பள்ளியில் சேர்க்கவே மறுக்கிறார்கள் என்ற நிலை இருந்தால் மருந்தைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை. ஆறு வயதுக்கு மேல் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு, சின்ன வயதில் பலன் சற்றுக் குறைவு, பசியின்மை மாதிரி பக்கவிளைவு அதிகம், அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். சரியான அளவில் கொடுத்தால் பிள்ளை மந்தமாகக் கூடாது, மந்தமானால் அளவு சரியில்லை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். பேச்சு தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்காதது, மற்ற பிள்ளைகளோடு விளையாட நாட்டமில்லாதது, நொடிக்கணக்கில் வெறித்துப் பார்த்து நிற்பது, முன்பு தெரிந்ததை மறப்பது, இதில் எது இருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள்.

செலவுக்குப் பயந்தால், தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. உங்களுக்கே அழுகையும் எரிச்சலும் தாங்க முடியாமல் போகும் இரவுகளில் 14416க்குப் போன் செய்யலாம், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். போகும்போது கையோடு எடுத்துப்போக ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், எவ்வளவு நேரம் திரை, எந்த நேரத்தில் எதற்குச் சேட்டை, அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள். கூடவே பள்ளி டைரியும் குறட்டை வீடியோவும் இருந்தால் டாக்டருக்கு வேலை சுலபம்.